மேடையில விழுந்த பிணம்

ராத்திரி ஒரு மணிக்கு நையோ மார்ஷோட துப்பறியும் நாவலைத் திறந்தது தப்புதான். தூக்கம் போச்சு.

1935ல வந்த 'என்டர் எ மர்டரர்'.
நாடகத்துல ஒருத்தன் இன்னொருத்தனைச் சுடணும்.
யாரோ டம்மி தோட்டாவை எடுத்துட்டு நிஜத் தோட்டாவை வச்சிட்டாங்க.
ஆள் மேடையிலயே காலி.
பார்க்க வந்த கூட்டத்துல மார்ஷோட துப்பறியும் நாயகன் இன்ஸ்பெக்டர் ஆலனும் உட்கார்ந்திருக்கார்!

1937ல 'விண்டேஜ் மர்டர்'. நியூசிலாந்து ஊர் ஒண்ணு, சுத்துப்பயணம் வந்த நாடகக் கம்பெனி.
கதாநாயகிக்கு மேடையிலயே பிறந்தநாள் விருந்து.
மேலேருந்து ராட்சச ஷாம்பெயின் பாட்டில் கயித்துல மெதுவா இறங்கணும்.
எதிர் எடையை யாரோ கழட்டிட்டாங்க.
நேரா அவ புருஷன் தலையில.

மார்ஷ் அம்மாவுக்குக் கயிறு, கப்பி, திரைக்குப் பின்னால யார் எங்க நிப்பாங்கன்னு எல்லாம் அத்துப்படி. கிறைஸ்ட்சர்ச்சுல மாணவர்களை வச்சு ஷேக்ஸ்பியர் போட்டவங்களாச்சே.

எனக்குப் பிடிச்சதே இதுதான்: சந்தேகத்துக்கு ஆளாகறவங்கள்ல பெரும்பாலானவங்க நடிகருங்க.
அழுதா நம்பறதா வேண்டாமா?
ஆலனுக்கே திண்டாட்டம்.
நானோ கடைசி அத்தியாயத்தை முதல்ல புரட்டுற ரகம். எனக்கென்ன கவலை!

ஒரு குறை. கொலை விழுந்ததும் விசாரணை இழுக்கும் பாருங்க, ஒவ்வொருத்தரா கூப்பிட்டு... யப்பா.

எல்லரி குவீனோட 'தி ரோமன் ஹேட் மிஸ்டரி' (1929) முடிச்சாச்சு. அதுல சாகறது நாடகம் பார்க்க வந்த ஆள்.

நாடக அரங்குக்குள்ள நடக்கிற பழைய கொலைக்கதை வேற என்ன இருக்கு? சொல்லுங்களேன்.
கொலைகாரன் யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அதை நானே கடைசிப் பக்கத்துல பார்த்துக்கறேன்.