கிரைண்டரும் நன்னூலும்

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூலுக்குரிய குற்றம் பத்தையும் அழகு பத்தையும் வரிசைப்படுத்துகிறார். 13ஆம் நூற்றாண்டில் நூல் செய்வோர்க்காக வகுத்த அப்பட்டியலை, இணையக் கடைகளில் பொருள் வாங்கியோர் 'நிறை', 'குறை' எனப் பிரித்தெழுதும் மதிப்புரைகளோடு பொருத்திப் பார்ப்பது சில காலமாக எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. (தமிழாசிரியனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு வாய்க்கும் என்று நீங்கள் நகைக்கலாம்.)

கூரியர்காரர் தாமதமாக வந்ததைப் பத்து வரிகளில் புலம்புவது மற்றொன்று விரித்தல். பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதையே பெயர்த்தெழுதுவது கூறியது கூறல். 'அருமை', 'பணம் வீண்' என்னும் இரண்டும் நின்று பயனின்மை. 'சத்தம் அதிகம்' என்பது குன்றக் கூறல். மிக்சியைவிட அதிகமா, பழைய கிரைண்டரைவிட அதிகமா, பக்கத்து அறையில் உறங்கும் குழந்தை விழித்துக்கொள்ளுமா? 'விலை அதிகம்' என்று எழுதுவதை எந்தக் குற்றத்தில் சேர்ப்பதென்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. விலையைத்தான் கடைக்காரரே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாரே!

2022இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய மதிப்புரைகளுக்கென ஐ.எஸ். 19000 என்னும் தரநெறியை வெளியிட்டது. பொய்யுரைகளைக் களைவது அதன் நோக்கங்களுள் ஒன்று. நல்லதுதான். ஆனால் மெய்யாகவே பொருளை வாங்கி, மெய்யாகவே பயன்படுத்தியவர் எழுதும் பயனற்ற உரையை எந்தத் தரநெறி திருத்தும்?

இவ்வாராய்ச்சி விளையாட்டாகத் தொடங்கியதன்று. என் அம்மாவுக்கு 74 வயது. ஊரில் தனியாக இருக்கிறாள். வலது மணிக்கட்டில் பழைய எலும்பு முறிவு. கடையில் விற்கும் பாக்கெட் மாவை வாசற்படி ஏறவிடமாட்டாள். எங்களோடு வந்து இருக்கும்படி அழைத்தால், "கை ஓடுற மட்டும் என் அடுப்படி எனக்கு" என்பாள். மாவரைக்க இயலாத நாள் வந்துவிட்டால் அந்தச் சொல் நிற்காது என்பதை அவளும் அறிவாள், நானும் அறிவேன். ஆகவே அவளுடைய பழைய கிரைண்டர் ஓய்ந்தபோது, புதியதைத் தேடுவது ஒரு சாமான் வாங்கும் காரியமாக மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு லிட்டர் கிரைண்டர்களைப் பற்றி 60 மதிப்புரைகளுக்கு மேல் படித்தேன். சாய்த்து ஊற்றும் டில்டிங் வகை ஒன்றுக்குப் பெரும்பாலோர் எழுதியிருந்த குறை 'எடை மிகுதி' என்பதே. யாருக்கு மிகுதி? அரைத்து முடித்ததும் அலமாரியில் தூக்கி வைக்கும் நகரத்துச் சிறு சமையலறைக்கு அது குறைதான். மேடையின் ஒரு மூலையில் ஆண்டு முழுதும் அசையாமல் இருக்கப்போகும் கிரைண்டருக்கோ அந்த எடையே நிறை. உளுந்து அரைபடுகையில் நகராது. மாறாக, 'எடை குறைவு, கையடக்கம்' என்று புகழப்பட்ட மற்றொன்றில், மாவோடு பாத்திரத்தையே கழற்றித் தூக்கவேண்டும். அம்மாவின் மணிக்கட்டுக்கு அது ஆகாது. இரு பட்டியல்களும் பொய்யல்ல. இருந்தும் அவற்றை நம்பியிருந்தால் தலைகீழாக முடிந்திருக்கும்.

உதவியது ஒரே ஓர் உரை. எழுதியவர் மூட்டுவலி உள்ளவர். 14 மாதம் பயன்படுத்தியபின் எழுதியிருந்தார். ஒவ்வொரு முறையும் தூக்கவேண்டியது குழவியை மட்டுமே. சாய்க்கும் பூட்டை விடுவிக்க ஒரு கையால் அழுத்தி மறுகையால் பிடிக்கவேண்டும். ஈரக்கையோடு செய்தால் வழுக்கும். பெல்ட்டை ஒருமுறை மாற்றியாயிற்று. உள்ளூர்க் கடையிலேயே கிடைத்தது. அவ்வளவுதான். 'அருமை' என்று ஒரு சொல் இல்லை. நட்சத்திரம்கூட மூன்றுதான் கொடுத்திருந்தார். சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் ஆகிய இரண்டு அழகுக்கும் வகுப்பில் இனி அந்த அம்மையாரைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

வாங்கி ஓராண்டு கடந்தபின் நானும் ஒன்று எழுதினேன். நிறையில் இரண்டு வரி, குறையில் மூன்று வரி: குழவியின் அடியில் மாவு தங்குகிறது, மூடியின் ஓரம் வெடித்துவிட்டது, மின்கம்பி குட்டை. அனுப்புமுன் தொலைபேசியில் அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஒரு ஆழாக்குக்குக் கொறச்சு உளுந்து போட்டா கல்லு சும்மா சுத்தும். தனியா இருக்கறவங்களுக்கு அதுதானே முக்கியம்? அத மொதல்ல எழுது."