அஃறிணையாக்கப்பட்டவன்

படம் தொடங்குகிறது. நடிப்போர் பெயர்கள் திரையிலே வரிசையாக வருகின்றன. டாக்டர் வேடம் தாங்குபவர் இன்னார், அவர் மணக்கவிருக்கும் மங்கை இன்னார், ஊர்த் தலைவர் இன்னார் — எல்லாருக்கும் பெயர் உண்டு. அந்தக் கோர உருவமாக வருபவர் யார்? அங்கே மட்டும் பெயர் இல்லை. ஒரு கேள்விக்குறி!

1931-ஆம் ஆண்டு ஹாலிவுட்டில் யுனிவர்சல் நிறுவனத்தார் எடுத்த ‘பிராங்கன்ஸ்டைன்’ படத்தின் முகப்பு அது. விளம்பரத் தந்திரம்தான், மறுக்கவில்லை. எனினும் அந்தக் கேள்விக்குறியை நாம் எளிதில் மறக்க முடியவில்லை. பெயர் மறுக்கப்பட்டவன், உறவு மறுக்கப்பட்டவன், ‘அவன்’ என்று சொல்லவும் மனமின்றி ஊரார் ‘அது’ என்று சுட்டும் ஒருவன்! உயர்திணையிலே இருக்க வேண்டியவனை அஃறிணையிலே தள்ளும் இந்த இலக்கணம் நமக்குப் புதிதா, தோழர்களே?

அப்படத்தைப் பார்க்க நாம் புறப்பட்டபோது நண்பர் ஒருவர் கேலி செய்தார். “பகுத்தறிவு பேசுகிறவர் நீர், உமக்கு ஏன் ஐயா பேய்ப்படம்?” என்றார். பார்த்துத் திரும்பியதும் அவருக்கு நாம் சொன்ன விடை இதுதான்: அதிலே பேயும் இல்லை, பிசாசும் இல்லை, மந்திரமில்லை, மாயமில்லை. பிணங்களின் உறுப்புகளைத் தைத்து, மின்னலின் ஆற்றலால் உயிரூட்டப்பட்ட ஒருவனை மனிதர்கள் எப்படி நடத்தினார்கள் என்னும் கதை அது. அஞ்சத்தக்கது ஒன்று அதிலே உண்டு. அந்த உருவமன்று, தீப்பந்தம் ஏந்தி அவனைத் துரத்தும் கூட்டம்!

மூலக்கதையை எழுதியவர் ஒரு பெண். மேரி ஷெல்லி எழுதத் தொடங்கியது 1816-இல், தம் பதினெட்டாம் வயதில். 1818-இல் நூல் வெளிவந்தபோது அதிலே ஆசிரியர் பெயர் இல்லை. அவர் அன்னை மேரி உல்ஸ்டன்கிராஃப்ட், 1792-லேயே பெண்ணுரிமைக்கு நூல் யாத்தவர்; தந்தை வில்லியம் காட்வின், அரசையும் ஆதிக்கத்தையும் அறிவால் எடைபோட்டவர். அந்த மரபிலே பிறந்த கதைக்குத் திரையிலே உயிர் தந்தவர்தான் கேள்விக்குறிக்குப் பின்னே நின்றவர் — போரிஸ் கார்லாஃப்.

பெயரைக் கேட்டால் உருசியர் என்பீர்கள். ஆள் இலண்டன்காரர்! 1887 நவம்பர் 23-இல் பிறந்தார். இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். தந்தை, இந்தியாவில் வெள்ளையராட்சியின் உப்பு வரித்துறையிலே அலுவல் பார்த்தவர். தாய்வழியிலும் தந்தைவழியிலும் இந்தியக் குருதி கலந்த குடும்பம். அவருடைய பாட்டியின் உடன்பிறந்தவரே, சயாம் மன்னரின் அரண்மனையில் ஆசிரியையாக இருந்து புகழ்பெற்ற அன்னா லியோனோவென்ஸ். அகமத்நகரிலே பிறந்த அந்த அம்மையார், வேல்ஸ் நாட்டிலே பிறந்ததாகவே உலகுக்குச் சொல்லி வாழ்ந்து மறைந்தார். ஏன் மறைத்தார்? நிறத்தை அளவுகோலாக்கிய சமுதாயம் அது. நம் நாட்டிலே சாதி செய்த வேலையை அங்கே தோலின் நிறம் செய்தது!

ஒன்பது மக்களில் கடைக்குட்டி கார்லாஃப். மாநிறம், திக்குவாய், வளைந்த கால்கள். அண்ணன்மாரைப் போல் அயல்நாட்டுத் தூதரகப் பணிக்குப் போக வேண்டும் என்பது குடும்பத்தார் விருப்பம். அவரோ 1909-இல் கனடாவுக்குக் கப்பலேறினார். ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் குழுக்களிலே நடித்தார். நடிப்பு சோறு போடாத நாட்களில் மண் வெட்டினார், சரக்கு வண்டி ஓட்டினார். ஊமைப் படங்களிலே அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சில்லறை வேடங்கள். மாநிறத்தவரைக் கண்டால் ‘அயலான்’, ‘கயவன்’ என்று ஒதுக்கிக் கொடுக்கும் வேடங்கள். எண்பது படங்கள் அளவில் நடித்தும் எவரும் அறியாத முகம்! அந்நிலையிலே, நாற்பத்து மூன்றாம் வயதிலே வந்தது அந்தப் பெயரில்லா வேடம்.

ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் நாள்தோறும் நான்கு மணி நேரம் உழைத்து அம்முகத்தை உருவாக்கினார். பூட்சு ஒவ்வொன்றும் ஐந்தாறு கிலோ எடை. கோடை வெயிலிலே கனத்த உடை. கண்ணிமைகளின் மேல் மெழுகு பூசலாம் என்பது கார்லாஃப் சொன்ன யோசனை. அதனால்தான் அக்கண்களில் அப்படி ஒரு மயக்கம், அப்படி ஓர் ஏக்கம்.

கதையமைப்பிலே ஒரு சூழ்ச்சி இருக்கிறது. இளைஞர்கள் இதைக் கூர்ந்து நோக்க வேண்டும். நல்ல மூளையைத் திருடப் போன வேலைக்காரன் அதைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, குற்றவாளி ஒருவனின் மூளையை எடுத்து வருகிறான். அதுதான் அந்த உருவத்தின் தலைக்குள்ளே வைக்கப்படுகிறது. பிறவியிலேயே தீயவன் என்று கதை முத்திரை குத்திவிட்டது. இது வேறென்ன? தலையெழுத்து! பிரம்மன் எழுதினான் என்பதற்குப் பதிலாக மூளை எழுதியது என்கிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

கார்லாஃப் என்ன செய்தார்? ஒரு சொல்கூடப் பேசாமல் அந்தத் தலையெழுத்தைப் பொய்யாக்கினார்! கூரை திறக்கிறது, வாழ்வில் முதன்முறையாக ஒளி மேலே விழுகிறது. அவன் மெல்ல எழுந்து, இரு கைகளையும் உயர்த்தி, ஒளியைப் பிடிக்க முயல்கிறான். கூரை மூடப்படுகிறது. வெறுங்கையை நீட்டிக் கெஞ்சுகிறான். குற்றவாளியின் மூளையா இது? குழந்தையின் கை அல்லவா! பிறகுதான் சங்கிலி வருகிறது, சவுக்கு வருகிறது, முகத்தருகே தீப்பந்தம் வருகிறது. அதன் பின்னரே அவன் கொலை செய்கிறான். கொடுமை முன்னே, குற்றம் பின்னே — இந்த வரிசையை அந்நடிகர் நம் கண்ணிலே பதித்துவிடுகிறார்.

தணிக்கையாளர்களுக்கு வேறு கவலை. உயிரூட்டிய டாக்டர், கடவுளாக இருப்பதன் உணர்வைத் தாம் அறிந்துவிட்டதாகக் கூவுகிறார். மதம் புண்படுமே! மறுவெளியீட்டிலே அந்தச் சொற்களை இடிமுழக்கத்தால் மூடினார்கள். ஏரிக்கரைக் காட்சிக்கும் கத்தரி விழுந்தது. சிறுமி ஒருத்தி அஞ்சாமல் அவனுக்குப் பூக்கள் தருகிறாள். இருவரும் அவற்றை நீரிலே மிதக்கவிட்டு மகிழ்கிறார்கள். பூக்கள் தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்று எண்ணித் தூக்கிப் போட்டுவிடுகிறான். அறியாமையால் நேர்ந்த சாவு அது. அந்தப் பகுதியை வெட்டியதும், அவன் கை நீளுவதும் அடுத்துச் சிறுமியின் பிணமும் மட்டுமே எஞ்சின. பார்த்தவர்கள் இன்னும் கொடியதை எண்ணிக்கொண்டார்கள். ஒழுக்கம் காக்கப் புறப்பட்ட கத்தரி, பேதையைப் பாதகனாக்கியது!

1935-இல் வந்த தொடர்ச்சிப் படத்திலே, காட்டில் தனித்து வாழும் கிழவர் ஒருவர் அவனை வரவேற்கிறார், ரொட்டி தருகிறார், ‘நண்பன்’ என்ற சொல்லைக் கற்பிக்கிறார். அந்தக் கிழவர் கண் தெரியாதவர்! கண்ணுள்ள இருவர் வந்து சேர்ந்ததும் நட்பு முறிகிறது, குடிசை எரிகிறது.

திரைக்கு வெளியே கார்லாஃப் செய்ததும் போற்றத்தக்கது. படப்பிடிப்பிலே டாக்டராக நடித்தவரைத் தோளிலே சுமந்து பலமுறை மேடேறியதால் வந்த முதுகு நோவு அவரை ஆயுள் முழுதும் வாட்டியது. முதலாளிகள் குறித்த நேரமே வேலை நேரமாக இருந்த காலம் அது. 1933-இல் பட முதலாளிகள் சம்பளத்தைப் பாதியாக வெட்டியபோது, ஒரு சில நடிகர்கள் கமுக்கமாகக் கூடிச் சங்கம் கண்டனர். திரைப்பட நடிகர் சங்கத்தின் ஒன்பதாம் எண் உறுப்பினர் கார்லாஃப்! புகழின் உச்சியிலே இருந்தவர், துணை நடிகனின் கூலிக்காகவும் வாதாடினார். 1937-இல் முதலாளிகள் அச்சங்கத்தை ஏற்றனர்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். 1932-இல் ‘பூ மான்சு’ என்னும் சீனக் கொடியவனாக அவர் நடித்தார். கீழை நாட்டாரை இழிவுபடுத்தும் படம் அது. தாமே கீழை நாட்டுக் குருதி கலந்தவர், அந்த முகமூடியை அணிந்திருக்க வேண்டாம்.

முதுமையிலே, காலிலே இரும்புப் பட்டையுடன் நடித்த ‘டார்கெட்ஸ்’ 1968-இல் வந்தது. அதிலே அவர், தம் பூச்சாண்டி வேடம் இனி எவரையும் அச்சுறுத்தாது என்று ஓய்வுபெற எண்ணும் கிழ நடிகர். காரணம், நல்ல குடும்பத்து இளைஞன் ஒருவன், அழகிய முகத்தோன், முன்பின் அறியாதவர்களைத் துப்பாக்கியால் சுட்டுத் தள்ளுகிறான். உண்மையான அச்சம் எங்கே குடியிருக்கிறது என்பதை அம்முதியவர் கடைசியாகவும் சுட்டிக்காட்டிவிட்டு, 1969 பிப்ரவரி 2-இல் இங்கிலாந்திலே கண்மூடினார்.

ஊர்ப் புளியமரத்திலே பேய் இல்லை என்று சொல்வதோடு பகுத்தறிவுப் பணி முடிந்துவிடுவதில்லை, தோழர்களே! ‘இவன் பிறவியே அப்படி’ என்று ஒருவனைச் சுட்டி எவர் கை நீட்டினாலும், அந்தக் கையிலே தீப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். சுட்டப்பட்டவன் பெயர் என்னவென்று முதலில் கேளுங்கள்.