சேற்றை எந்த நிரலில் எழுதுவது?

விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென நண்பர்கள் கேட்டபோது, பெருமைக்குரிய செய்தி ஒன்றையே எழுத எண்ணினோம். ஆயினும் நெஞ்சில் முந்தி நின்றது யாம் செய்த பிழையொன்றே.

பல்லாண்டுகட்கு முன், விஞ்ஞான ஆசிரியர் வராத ஒரு நாளில், தமிழாசிரியராகிய யாம் அவ்வகுப்பிற்குச் சென்றோம். திண்மம், திரவம், வாயு எனக் கரும்பலகையில் மூன்று நிரல்கள் வரைந்து, மாணாக்கர் கூறிய பொருள்களை அவற்றில் எழுதினோம். கடைசி வாங்கிலிருந்து களப்போரத்து மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், சேறு எதிலே வரும்?" என்றான். வகுப்பு நகைத்தது. அவன் பகடி பண்ணுகிறான் எனக் கருதி, "இரு கீழே" என அதட்டினோம். அதன்பின் எம் வகுப்பில் அவன் வினா எதுவும் கேட்டதில்லை.

சில ஆண்டுகள் கழிந்தன. கற்பிட்டிப் பக்கம், வற்றுநேரத்தில், தோணியை நோக்கிக் களப்பில் நடந்தபோது முழங்கால்வரை புதைந்தோம். வலிந்து காலை இழுக்க, சேறு இரும்பாய் இறுகிற்று. அருகில் நின்ற மீனவர், "இழுக்காதீங்க சேர், காலை மெல்ல ஆட்டுங்க, தண்ணி உள்ளே போகட்டும்" என்றார். அவ்வாறே செய்தோம். இறுகிய சேறு இளகியது, கால் விடுபட்டது. கரையேறியபோது அம்மாணவனின் முகமே நினைவில் எழுந்தது.

பின்னர் நூல்களைத் தேடிப் படித்தோம். களிமண் துகள்கள் மிக நுண்ணிய தகடுகள். உப்புநீரில் அவை ஒன்றையொன்று பற்றிச் சீட்டுக்கட்டு வீடுபோல் அமைந்து, இடைவெளிகளில் நீரைத் தாங்கி நிற்கின்றன. அசையாதபோது அது திண்மத்தை ஒக்கும். ஆட்டினால் வீடு குலைந்து திரவம்போல் ஓடும். ஓய விட்டால் மீண்டும் இறுகும். கடலடியிற் படிந்து, பின் நிலமாக உயர்ந்த நோர்வே நாட்டுக் களிமண்ணில், காலப்போக்கில் நன்னீர் உப்பைக் கழுவிவிட, அமைப்பு வலுவிழக்கிறது. 1978 இல் ரிஸ்ஸா என்னுமிடத்தில் உறுதியாய்த் தோன்றிய வயல்நிலம் அவ்வாறே திரவமாகி வழிந்தது.

உடப்புக் கரையில் ஈரமணலை மிதித்தால், பாதத்தைச் சூழ மணல் உலர்ந்தாற்போல் வெளிறுவதைக் காணலாம். நெருங்கிக் கிடந்த மணிகள் மிதிபட்டு நகர, இடைவெளி பெருகி, மேல்நீர் உள்ளே இழுபடுகிறது. இதனை 1885 இல் விளக்கியவர் ஒஸ்போர்ண் ரெனோல்ட்ஸ். இத்தகைய பொருள்களின் ஓட்டத்தை ஆராய அமெரிக்காவில் 1929 இல் ஒரு சங்கமே தோன்றியது. மென்பொருள்களுள் அடங்கும் திரவப் பளிங்குகளையும் பல்பகுதியங்களையும் ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் டி ஜென், 1991 இல் பௌதிகவியல் நொபெல் பரிசு பெற்றார்.

கூழ், களி, பாகு, பசை, அளறு என இவ்விடைநிலைகளுக்கெல்லாம் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உள. அச்சொற்களைக் கற்பிப்பதே எம் தொழில். அவற்றின் பொருளைக் கேட்டவனையோ வாயடைக்கச் செய்தோம்!

இன்று மாணவர் எவரேனும் விளங்காத வினாவொன்றைக் கேட்பின், சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "நீ எங்கே கண்டாய், சொல்" என்கின்றோம்.

அன்று கடைசி வாங்கில் இருந்த அன்பனே! இம்மலர் உன் கையை எட்டுமாயின் அறிவாயாக: உன் வினா சரியானது, எம் மூன்று நிரல்களே போதாமற் போயின.