பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம்

எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்குக் கீழே, ஒரு பழைய கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. மானிட்டர் கிடையாது. 2019-இல் விடுமுறைக்கு வந்த மாப்பிள்ளை அதில் டெபியன் போட்டு, "மாமா, இனி இதுதான் வீட்டு சர்வர்" என்று ஒப்படைத்துவிட்டுப் போனார். அப்பாவின் பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புச் சான்று முதல் என் பென்ஷன் ஆணை வரை எல்லாம் அதில்தான். போட்டோக்கள் பதினோராயிரத்துக்கு மேல்.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் அதற்கும் பிரெஞ்சு மொழியையே வைத்துக்கொண்டேன். எதையாவது புதுப்பிக்கச் சொன்னால் "ஸுவெத்தே-வூ கொந்தினுயே?" என்று கேட்கும். தொடர விருப்பமா என்று பொருள். 'வூய்' என்பதன் முதல் எழுத்தான 'ஓ'வை அடிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு முசே கேட்பதைப் போலவே இருக்கும். கை தானாக நிமிர்ந்து உட்கார வைக்கும்.

டெபியனின் பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' படத்துக் கதாபாத்திரங்களின் பெயர். என்னிடம் இருந்தது 11, புல்ஸ்ஐ. 12-ஆவது, புக்வோர்ம், 2023 ஜூன் 10 அன்றே வந்துவிட்டது. நான் அசையவில்லை. அலுவலகத்தில் புதுச் சுற்றறிக்கை வந்தால் முதல் நாளே அமல்படுத்துகிற குமாஸ்தா பிழைக்க மாட்டான். பின்னாலேயே ஒரு தெளிவுரை வரும், அதைப் பார்த்துத்தான் கோப்பைத் தொட வேண்டும். ஆனால் 2024 ஆகஸ்ட் 14-உடன் பழைய பதிப்பின் வழக்கமான பாதுகாப்புக் காலம் முடிந்தது. அதற்குமேல் நீட்டிப்புதான். எக்ஸ்டென்ஷனில் இருக்கும் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிப் பழக்கம் உண்டு என்றாலும் மனம் ஒப்பவில்லை. தீபாவளி முடிந்ததும் செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

தள்ளிப்போய், தள்ளிப்போய், நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கரண்ட் போனது. பாதி மேம்படுத்தலில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருட்டில் உட்கார்ந்து யோசித்தேன். நல்லவேளை, சோம்பல் காப்பாற்றியது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

கரண்ட் வந்தபின், எதற்கும் இருக்கட்டும் என்று நகல் டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். தினமும் இரவு 2 மணிக்கு எல்லாவற்றையும் அதில் நகலெடுக்கும் ஏற்பாடு. கடைசி நகல் 2022 மார்ச் மாதத்தோடு நின்றிருந்தது. டிஸ்க் நிரம்பிவிட்டதாம். அந்த இயந்திரம் ஒவ்வோர் இரவும் முறையாக எனக்குக் கடிதம் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அந்தத் தபால் பெட்டியை நான் ஒரு நாளும் திறக்கவில்லை. முப்பத்து நான்கு வருடம் தபால் பிரித்தவன்.

என் மனைவி இறந்தது 2022 செப்டம்பரில். பேரனிடம் போனில் கதை சொல்லும்போது பதிவு செய்துவைத்த அவள் குரல், அந்தக் கடைசி ஆறு மாதத்துப் படங்கள், எல்லாம் ஒரே ஒரு டிஸ்க்கில் இருந்திருக்கின்றன. நான் தீபாவளிக்குப் பிறகு மளமளவென்று 'ஓ' அடித்து, புயலும் சேர்ந்துகொண்டிருந்தால்?

மகளிடம் சொல்லவில்லை. சொன்னால், "அப்பா, உங்களுக்கு எதற்கு இந்த வேலையெல்லாம்" என்பாள். மறுநாளே 4 டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்கினேன். ஒன்று வீட்டில், மற்றொன்று தம்பி வீட்டு பீரோவில். நகலில் இருந்து பத்துப் படங்களையும் அந்தக் குரலையும் திறந்து பார்த்தேன். குரலை இரண்டு முறை.

மேம்படுத்தலைப் பொங்கல் கழிந்து, 2025 ஜனவரியில், இன்வெர்ட்டர் முழுவதும் சார்ஜ் ஆனபின் செய்தேன். ஒன்றரை மணி நேரம், ஒரு தகராறும் இல்லை. இப்போது 13 வந்துவிட்டது, ட்ரிக்ஸி, ஆகஸ்ட் 9 அன்று. 12-க்கு வழக்கமான பாதுகாப்பு 2026 ஜூன் வரை இருக்கிறது. மழைக்காலம் போகட்டும். தம்பி வீட்டு டிஸ்க்கை மட்டும் இந்த ஞாயிறு எடுத்துவர வேண்டும்.