தொழில்: இல்லத்தரசி

அவ்வாவின் இறப்பைப் பதிவு செய்யப் போனபோது விண்ணப்பத்தில் 'தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. உடன் வந்த மாமா யோசிக்காமல் 'இல்லத்தரசி' என்றார். அப்படியே எழுதினோம். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸிலும் அதே சொல்தான் வந்தது. எந்த இல்லத்துக்கு அவர் அரசியாக இருந்தார் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கொங்குப் பகுதி அருந்ததியர் வீடுகள் பலவற்றைப் போல எங்கள் வீட்டிலும் தெலுங்கு கலந்துதான் பேசுவோம். ஊர்ப் பிள்ளைகளுக்கு அம்மிச்சி, ஆத்தா என்றால் எங்களுக்கு அவ்வா. ஆதாரில் பிறந்த ஆண்டு 1938 என்று இருந்தது, அது அட்டை எடுக்க வந்த பையன் போட்ட கணக்கு. "வெள்ளைக்காரன் போனப்ப நான் ஆடு மேய்ச்சுட்டு இருந்தேன்" என்பது அவருடைய கணக்கு. இரண்டும் கிட்டத்தட்டப் பொருந்தும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் போகிற பொடியன் வரைக்கும் ஊர் முழுக்க அவரை 'வா, போ' என்றுதான் கூப்பிட்டது. நான் 'அவர்' என்றே எழுதுகிறேன்.

அன்னூர்ப் பக்கமிருந்து சரவணம்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவருக்குப் பதினைந்து வயது இருக்கலாம். சோளக்காடு, பருத்திக்காடு, கவலை இறைக்கிற கிணறுகள், சத்தி ரோட்டில் எப்போதாவது ஒரு பஸ். தாத்தா ஒரு தோட்டத்தில் பண்ணையத்து ஆள். வருசக் கூலி வள்ளக் கணக்கில் தானியம். அந்தக் கூலி தாத்தாவுக்குப் பேசியது. ஆனால் விடியும் முன்னால் கட்டுத்தரையில் சாணி அள்ளியதும், களம் கூட்டியதும், அவரையும் துவரையும் காயவைத்து அடித்துக் கொடுத்ததும் அவ்வா. அதற்குத் தனியாக ஒரு படி கூடக் கிடையாது. ஆளின் பெண்டாட்டியும் பண்ணையத்தோடு சேர்த்தி. ஆக, அவர் பார்த்தது இரண்டு வீட்டு வேலை. இரண்டாவது வீட்டின் வாசற்படியை அவர் ஒருநாளும் தாண்டியதில்லை. பழையதைப் போசியில் ஊற்றும்போதும் எட்ட நின்றுதான் ஊற்றுவார்கள்.

தண்ணீரைப் பற்றி அவர் அதிகம் பேசுவார். குழாய் வருவதற்கு முன்னால் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். சேந்த வருகிறவர்களில் மனசு வந்த யாராவது ஊற்றுவார்கள். "சில நாளு ரெண்டு குடத்துக்கு உச்சி வெயில் வந்துரும் கண்ணு" என்பார். அந்த நேரத்தில் கைக்குழந்தை வீட்டில் அழுதுகொண்டிருக்கும், அடுப்பு பற்ற வைத்திருக்காது.

2019இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லாத வீட்டு வேலைக்கு அதைச் செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகச் சொல்கிறது. வகுப்பில் நானே மாணவர்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். முக்கியமான எண்தான். ஆனால் வேறொரு சாதிக்காரரின் கை இரங்கும்வரை நிற்கிற நேரம் அந்தச் சராசரியில் தனியாகத் தெரியாது. சாதி ஒரு பெண்ணின் வீட்டு வேலையில் எத்தனை நிமிடத்தைக் கூட்டுகிறது என்று நாம்தான் கேட்க வேண்டும். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாத் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்ததை உரிமைப் போர் என்று படிக்கிறோம். அது நம் வீட்டுப் பெண்களின் அன்றாட வேலை நேரத்தைப் பற்றிய போரும்தான் என்பது அவ்வா பேசியதைக் கேட்ட பிறகே எனக்கு உறைத்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலையே முதன்மை என்று சொன்ன பெண்கள் ஏறத்தாழ 16 கோடி. அவர்கள் எல்லாரும் 'வேலை செய்யாதோர்' பட்டியலில் இருக்கிறார்கள். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், கணவன் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் இருக்கிறது, அவருக்கும் பங்கு உண்டு என்றது. வரவேற்க வேண்டிய தீர்ப்பு. ஆனால் பங்கு கேட்பதற்கு முதலில் சொத்து வேண்டுமே. தாத்தா அறுபது வருடம் உழைத்து விட்டுப்போனது வளவில் ஒன்றரை சென்ட் வீடும் ஒரு மண்வெட்டியும்.

இதையெல்லாம் படித்து அவ்வாவை வெறும் பாவப்பட்ட கிழவியாக நினைத்துவிடாதீர்கள். நகரத்துப் பெண்ணிய விவாதங்களில் வீட்டுக்குள் அடைபட்டவள் என்று ஒரு படிமம் வரும். அவ்வாவுக்கு அடைபடுவதற்கு நேரமே கிடைத்ததில்லை. காட்டு வேலை இல்லாத மழைநாளில் தன் வீட்டில் தன் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்பதைத்தான் அவர் சுகம் என்றார். வீட்டு விஷயத்தில் மகா கறார். வாரம் தவறாமல் சாணி மெழுக வேண்டும். கொள்ளுப் பருப்பு கடைந்தால் கல்சட்டியில்தான் கடைய வேண்டும். அவருடைய பச்சைப்புளி ரசத்துக்கு என் அம்மா வைக்கிற ரசம் நிற்காது (அம்மா இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்). தீபாவளிக்கு முதல் நாள் யாரும் பலகாரம் கொடுக்கும் வாசலுக்குப் போகக்கூடாது என்று அவர் போட்ட உத்தரவு, எங்கள் வீட்டில் நடந்த முதல் போராட்டம் என்பேன். அன்றைக்கு அவர் செய்த கச்சாயம் கருகித்தான் போயிருந்தது. எல்லாரும் தின்றோம்.

ஆடுகள் மட்டும்தான் அவர் பேரில் இருந்த பணம். முதலில் வாரத்துக்கு வாங்கினார். அடுத்தவரின் ஆட்டை வளர்த்து, பிறக்கிற குட்டியில் பாதி எடுத்துக்கொள்வது. அப்படிச் சேர்ந்த வெள்ளாடுகள் ஒரு காலத்தில் பதினொன்று வரை இருந்தன. தாத்தா கேட்டாலும் அந்தக் காசைத் தொட முடியாது. அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்த 2009இல் நான் கல்லூரியில் இருந்தேன். சட்டம் கதவைத் திறந்தது, விடுதிப் பணத்தைக் கட்டியது இரண்டு கிடாய்கள். உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்ன செய்தியை அவரிடம் படித்துக் காட்டினேன். "இன்னும் அதெ முடிக்கலயா அவங்க?" என்று கேட்டார்.

சரவணம்பட்டி 2011இல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்கு முன்பே காடுகள் மனைகளாகி, மனைகள் கண்ணாடிக் கட்டடங்களாகத் தொடங்கியிருந்தன. அவ்வா பருத்தி எடுத்த பக்கத்தில் இருக்கிற ஓர் ஐடி நிறுவனத்தில் என் சின்னம்மா ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்க்கிறார். வேலையின் பெயர் 'ஹவுஸ்கீப்பிங்'. கழிப்பறை கழுவுவதுதான். சம்பளம் உண்டு, பி.எஃப். பிடிக்கிறார்கள், மேலாளர் 'அம்மா' என்று கூப்பிடுகிறார். மாற்றம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நிறுவனத்தில் துடைப்பம் பிடிக்கிறவர்கள் எந்தெந்த வளவிலிருந்து வருகிறார்கள் என்று மட்டும் ஒருநாள் மாலை ஷிப்ட் முடியும்போது வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள்.

2023 செப்டம்பர் 15இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. அம்மாவின் கணக்கில் முதல் ஆயிரம் ரூபாய் வந்தபோது எதற்கு என்று அவ்வா கேட்டார். இத்தனை காலம் பெண்கள் கூலி இல்லாமல் பார்த்த வேலைக்கு அரசாங்கம் செய்கிற மரியாதை என்றேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். "அப்ப என்ற பழைய பாக்கி?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் மறுநாளும் கேட்டார்.

புதுச்சேரி அருகே கரணி என்ற ஊரில் வாழ்ந்த தலித் விவசாயக் கூலி வீரம்மா தன் வாழ்க்கையை ஜோசியான் ரசீனிடம் பல ஆண்டுகள் பேசினார். அது 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் புத்தகமானது. பாமாவின் 'சங்கதி' முழுக்கப் பாட்டிமாரும் அவர்களின் பேச்சும்தான். சமூகவியல் மாணவர்கள் இரண்டையும் கோட்பாட்டுப் புத்தகங்களுக்கு முன்னால் படிக்கலாம். கொங்குப் பகுதியின் பண்ணையத்து வீட்டுப் பெண்களிடமிருந்தும் அந்த அளவுக்கு விரிவாகக் கேட்டு எழுத வேண்டியிருக்கிறது.

என் கைப்பேசியில் அவ்வாவின் குரல் மூன்றே முக்கால் மணி நேரம் இருக்கிறது. பாதிக்கு மேல் ஆடுகளைப் பற்றி. எந்த ஆடு எந்த வருசம் எத்தனை குட்டி போட்டது, யாருக்கு என்ன விலைக்குப் போனது என்று வரிசையாகச் சொல்கிறார். வளவில் எண்பதைத் தாண்டிய பெண்கள் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். அடுத்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களிடம் உட்காரப் போகிறேன். கூட வர விரும்புகிறவர்கள் எழுதுங்கள். தெலுங்கு புரிந்தால் நல்லது. காலை ஏழு மணிக்கு முன்னால் வந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு அவர்கள் ஆடு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.