பதினாறு விழுக்காடு எங்கிருந்து வந்தது?

நீலகிரியில் விவசாயிகளிடம் பேச்சுக்கொடுத்தால் கற்பூர மரத்தின் மீதான புகார் தானாக வந்து விழும்: ஊற்றை வற்றவைக்கிற மரம். சமவெளியில் நாம் தைலமரம் என்று சொல்லும் யூகலிப்டஸ்தான் அது. மரம் வைத்தால் ஓடை பெருகும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து படித்து வந்திருக்கிறோம். இரண்டில் எது உண்மை, யாராவது அளந்து பார்த்தார்களா என்று தேடத் தொடங்கினேன். '16 விழுக்காடு தண்ணீர் குறைந்தது' என்ற வரி பல இடங்களில் கண்ணில் பட்டது. எங்கே அளந்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்ற விவரம் அங்கெல்லாம் இல்லை. அந்த எண்ணின் பிறப்பிடத்தைத் தேடிப்போனேன்.

உதகைக்கு வடமேற்கே உள்ள கிளன்மார்கன்தான் அது. உதகையிலுள்ள மத்திய அரசின் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் 1968இல் அங்கே அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொன்றும் சுமார் 32 ஹெக்டேர். இரண்டிலும் புல்வெளியும், மலை மடிப்புகளில் வளரும் சோலைக் காடும். முதல் நான்கு ஆண்டுகள் எதையும் தொடாமல் மழையையும் ஓடை நீரையும் அளந்துகொண்டே இருந்தார்கள். 1972இல் ஒன்றில் மட்டும் 59 விழுக்காடு பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். மற்றதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

நான்கு ஆண்டுகள் ஏன் காத்திருந்தார்கள்? அந்தக் கேள்வி என்னை மேலும் பின்னோக்கி இழுத்தது. சுவிட்சர்லாந்தின் எம்மென்டால் பகுதியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, காடு நிறைந்த ஒரு பள்ளத்தாக்கையும் காடு குறைந்த இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு ஓடைகளுக்கும் இடையே தெரிந்த வேறுபாடு மரத்தால் வந்ததா, மண்ணாலும் பாறையாலும் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அமெரிக்காவின் கொலராடோவில், வேகன் வீல் கேப் என்ற இடத்தில், 1910இல் தொடங்கிய ஆய்வு இதற்கு வழி கண்டது. இரண்டு பள்ளத்தாக்குகளும் இயல்பில் எப்படி ஒத்துப்போகின்றன என்று முதலில் அளந்தார்கள். 1919இல் ஒன்றில் மட்டும் மரங்களை வெட்டி, 1926 வரை அளந்தார்கள். பழைய ஒத்திசைவிலிருந்து எவ்வளவு விலகியதோ, அதுதான் மரத்தின் பங்கு. தென்னாப்பிரிக்காவில் பைன் தோட்டங்கள் ஓடைகளை வற்றச்செய்கின்றன என்ற முறையீடு எழுந்தபோது, 1930களில் யோங்கர்ஸ்ஹூக் பள்ளத்தாக்கிலும் அளவீடு தொடங்கியது. நம் மலை விவசாயி சொல்வதும் அதே முறையீடுதான்.

இத்தகைய ஆய்வுகளில் ஓடைக்குக் குறுக்கே ஒரு சிறு சுவர் கட்டி, அதன் நடுவே பெரும்பாலும் 'வீ' வடிவத்தில் வெட்டு விடுவார்கள். வெட்டின் வழியே தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்பதை வைத்து ஓட்டத்தைக் கணக்கிடலாம். உயரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் ஐந்து மடங்குக்கும் மேல். விரற்கடை உயரத்தைத் தவறாகப் படித்தாலும் கணக்கு புரண்டுவிடும். மழையிலும் பனியிலும் பல்லாண்டுகள் இந்த அளவுகளைப் பிசகாமல் எடுத்தவர்களுக்குத் தமிழகம் கடமைப்பட்டிருக்கிறது.

கிளன்மார்கனில் மரம் நட்ட முதல் பத்தாண்டுகளில் கிடைத்ததுதான் அந்த 16 விழுக்காடு. அதாவது ஆண்டுக்கு 87 மில்லிமீட்டர் ஓடை நீர். 32 ஹெக்டேருக்குக் கணக்கிட்டால் சுமார் 2.8 கோடி லிட்டர். மரங்களை வெட்டிய பிறகு கட்டையிலிருந்து தழைத்த மறுதாம்பு இன்னும் அதிகமாகக் குடித்தது. இரண்டாம் பத்தாண்டில் குறைவு 25.4 விழுக்காடு.

அறிக்கையில் என்னை உலுக்கியது இன்னொரு எண். ஓட்டம் மிகக் குறைந்திருக்கும் நாட்களின் நீரளவு முதல் பத்தாண்டில் பாதியாகவும், இரண்டாம் பத்தாண்டில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்காகவும் சரிந்திருந்தது. 16 என்பது ஆண்டு முழுவதற்குமான கணக்கு. விவசாயி பேசுவது கோடையைப் பற்றி. அவர் சொன்னது சரி, எங்கும் மேற்கோள் காட்டப்படும் எண்தான் அவருடைய இழப்பைக் குறைத்துக் காட்டுகிறது. பெருமழையின்போது வெள்ளத்தின் உச்சமும் தணிந்தது என்பதையும் அதே ஆய்வு பதிவுசெய்திருக்கிறது. ஆனால் கோடையில் காயும் ஓடைக்கு அது ஈடாகாது.

இந்த மரம் 1843இல் நீலகிரிக்கு வந்தது. உதகையில் குடியேறிய ஆங்கிலேயரின் விறகுத் தேவைக்காகத் தோட்டமாகப் பெருகியது. எருமை மேய்த்து வாழ்ந்த தோடர்களின் புல்வெளி, வந்தவர்களின் கண்ணுக்குத் தரிசாகத் தெரிந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. ஆலைகளின் மரக்கூழுக்காகப் புல்வெளிகளில் நடவு தொடர்ந்தது.

அந்நிய மரங்களை அகற்றி மலையை மீட்பது இன்று அரசின் கொள்கை. 2022இல் தமிழக அரசு இதற்கென ஆணையும் வெளியிட்டது. வரவேற்கிறேன். ஆனால் எங்கும் ஒரே மாதிரி வெட்டக் கூடாது. சீகை (வாட்டில்) என்ற இன்னொரு அந்நிய மரத்தின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக முளைத்திருக்கும் இடங்களில் கோடரி அவற்றையும் சாய்த்துவிடும். புல்வெளியாக இருந்த சரிவில் சோலைக் கன்று நடுவதும் தவறுதான். அங்கே புல்தான் திரும்ப வேண்டும். எந்த மடிப்பில் சோலை இருந்தது, எந்தச் சரிவில் புல் இருந்தது, ஓடையில் மார்ச், ஏப்ரலில் எவ்வளவு ஓடுகிறது என்று பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

உங்கள் ஊர் மலையில் மரம் நடவோ வெட்டவோ திட்டம் வந்தால், அந்த ஓடையின் கோடை நீரளவை முதலில் கேளுங்கள். இல்லை என்றால், அளந்த பிறகு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.