நொய்யலும் நமது முற்றமும்

மருதமுனை நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன் சம்மாந்துறையில் என்னிடம் கற்கின்றான். திருப்பூரின் கதையை வகுப்பில் சொன்னேன். நொய்யல் ஆற்றைச் சாயக்கழிவு பாழாக்கியதால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாய ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டது. கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாதவாறு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் செம்மைப்படுத்திய பின்னரே அவை மீண்டும் இயங்கின. சிறு ஆலைக்காரன் தனித்துத் தாங்கவியலாத செலவு அது, கூடியே தாங்கினர். தாமாக அன்று, சட்டம் நெருக்கிய பிறகுதான்!

“சேர், அந்தச் செலவுல சட்டை வாங்குற வெளிநாட்டுக் கொம்பனி எவ்வளவு குடுக்கான்?”

அவனைவிட நன்றாக நான் கேட்டிருக்க முடியாது. ஆற்றைக் காக்கும் கூலி துணியின் விலையில் ஏறாதவரை, ஆலைக்காரரின் கூட்டுறவு பாதிக் கூட்டுறவே.

அவன் வாப்பாவின் சாயத் தொட்டியோ, கிணற்றுக்குப் பத்தடி தள்ளி, மணலில் வடிகின்றது.